திப்பித் திப்பியாக ஒரு சூப்

கண்ணை மூடினால் போதும். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். முதல் வாய் குடித்ததும் இந்த மனிதர் கண்ணை மட்டும் மூடிவிட்டால், இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

இப்படி நினைத்தபடியே அவள் தக்காளி சூப் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே நின்றாள்.

அவள் கணவருக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் வேலை. எதையும் அவசரப்படாமல் செய்வார். ஒரு கரண்டி எடுத்தார், ஊதினார், குடித்தார். கண் திறந்தே இருந்தது.

"நல்லாதான் இருக்கு."

"ஆனா?"

"ஆனால்லாம் ஒண்ணுமில்லம்மா. வழவழன்னு இருக்கு, சுவத்துக்கு அடிக்கற பெயிண்ட் மாதிரி. அம்மா வைக்கற சூப் திப்பித் திப்பியா வாய்ல தட்டுப்படும். அப்பறம் அதுல ஏதோ ஒண்ணு போடுவா. என்னன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

சொல்லும்போதே கண்ணை மூடிக்கொண்டார். அவள் வைத்த சூப் ஆறிக்கொண்டிருக்க, இல்லாத சூப்புக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியார் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அந்த சூப்புக்கு மட்டும் சாவே இல்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிய புது பிளெண்டர் மேடையில் பளபளவென்று நின்றது. கருங்கல்லைப் போட்டாலும் களிம்பாக்கிவிடும் என்று மகள் சொல்லியிருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவள் இவள். பிசிறு என்றாலே ஆகாது. இந்த மிஷின் வந்த அன்றைக்கு, இனி தோற்க மாட்டேன் என்று நினைத்திருந்தாள்.

கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் ஒரே ஒரு முறை அவளும் சூப் வைத்திருக்கிறாள். அந்த வீட்டு மிக்சியைப் போட்டால் விளக்கு மங்கும், ரேடியோ கரகரக்கும். மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, அடம்பிடிக்கும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் அணைத்துப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு அது பாதியில் நின்றுவிட்டது. அரைபடாததை அப்படியே அடுப்பில் ஏற்றினாள், அதுவும் அடிப்பிடித்தது. வெட்கத்தில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள். யார் சமைத்தாலும் அந்த வீட்டில் பரிமாறும் கரண்டி மாமியார் கையில்தான் இருக்கும். அவள் திரும்பி வந்தபோது பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கூடத்தில் இவர், "அம்மா, சூப் அமிர்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடையதைக் கொட்டிவிட்டு மாமியார் வேறு வைத்துவிட்டார் என்று புரிந்துகொண்டாள். மாமியாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரமே தனிக்குடித்தனம் வந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் கையில் எதுவும் அரைபடாமல் போனதில்லை.

"தங்கச்சி சாப்பிட வர்றா. அதுக்குள்ள இன்னொரு தடவை பாப்போமா?" என்று கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்பு மேடைப் பக்கம் வந்தார்.

"நீங்க வேணாங்க."

"நான் சும்மா பக்கத்துல நிக்கறேன். எடுத்த எடுப்புல மிதிக்காத. ஃபர்ஸ்ட் கியர்லயே போ."

கொதிக்கும் தக்காளியை ஊற்றி, பிளெண்டரின் குமிழை ஒன்றாம் எண்ணில் திருப்பினாள். அடியில் மட்டும் லேசாகக் குமிழியிட்டது. மேலே இருந்த தக்காளி அசையவே இல்லை.

"நியூட்ரல்ல நிக்குது" என்று அவர் கையை நீட்டினார். அவள் வேண்டாம் என்பதற்குள் குமிழ் பத்துக்குப் போய்விட்டது.

மூடி எகிறியது. சூப் நேராகக் கூரைக்குப் போய், அங்கே கொஞ்சம் யோசித்து, இருவர் மேலும் இறங்கியது.

"இதுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று முகத்தைத் துடைக்காமலே கேட்டார்.

"வாத்தியார் நீங்கதான்."

கீழே துடைத்தாள், கூரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திப்பி வேண்டும், அவ்வளவுதானே. மிச்சத் தக்காளியோடு வெந்த உருளைக்கிழங்கையும் போட்டு, இந்த முறை தன் கையாலேயே ஓட்டினாள். கிழங்கு திப்பியாகாமல் பசையானது. கரண்டியை எடுத்தால் பாத்திரமும் கூடவே வந்தது.

"போஸ்டர் ஒட்டலாம்" என்றார் அவர் மரியாதையாக.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போய்ச் சேர்ந்த மனுஷியோடு ஒரு கிண்ணம் சூப்புக்கு இத்தனை வருடமாக எதற்கு மல்லுக்கட்டுகிறோம் என்றிருந்தது.

வாசல் மணி அடித்தது. உள்ளே வந்த நாத்தனார் முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு அண்ணன் தலைமுடியைப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, வீட்டுக்கு வெள்ளையடிக்கறதுக்குப் பதிலா சிவப்படிக்கறீங்களா?"

"உங்க அண்ணன் வண்டி ஓட்டினார்."

மிஞ்சியிருந்தது காலையில் வைத்த முதல் சூப்தான். அதையே சூடாக்கி மூன்று பேருக்கும் ஊற்றினாள். நாத்தனார் ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையாட்டினாள்.

"பரவால்ல அண்ணி, தேறிட்டீங்க. அன்னைக்கு நம்ம வீட்டுல ஒண்ணு வச்சீங்களே, தக்காளித் தோலு பல்லு இடுக்குல மாட்டிக்கிட்டு நான் பட்டபாடு இருக்கே."

அவள் கை கரண்டியோடு நின்றது. "அதை அத்தை கீழ கொட்டிட்டாங்களே."

"எங்க கொட்டினா? நான் அங்கதான உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தேன். கரண்டி போட்டு எல்லாருக்கும் ஊத்தினா."

"ஏய், அது அம்மா வச்ச சூப்" என்றார் கணவர். "திப்பித் திப்பியா. ஏதோ ஒண்ணு போட்டு..."

"போட்டதாவது. அடிப்பிடிச்ச வாசம்ண்ணா அது. அம்மா எந்தக் காலத்துல சூப் வச்சா? தக்காளியே அவளுக்கு ஆகாது. அண்ணி வச்சத நீதான் ரெண்டு கிண்ணம் வாங்கிக் குடிச்சிட்டு, அம்மா அம்மான்னு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்த."

கூரையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. யாரும் துடைக்கவில்லை.

மங்கிப்போகும் விளக்கும், மூடியை அழுத்திய உள்ளங்கையின் அதிர்வும் அவளுக்கு ஞாபகம் வந்தன. கொல்லைப்பக்கம் நின்ற அந்தப் புதுப்பெண்ணை உள்ளே வா என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது.

கணவர் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தார். பிறகு மெல்ல நாற்காலியைப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டார்.

"அம்மாவோட பழைய மிக்சி மேலதான இருக்கு. நான் எறக்கித் தர்றேன். ஒரே ஒரு தடவை வையேம்மா."

அவள் அவர் கிண்ணத்தில் வழவழப்பான சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"வேணாங்க" என்றாள். "அதெல்லாம் அத்தை கைப்பக்குவம். எனக்கு வராது."