நாலு லட்சம் கிலோமீட்டர் பாவம்

மேட்டுச் சாலையில் முதல் ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. காலை ஆறு மணிக்கே அதன் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். இருமுகிற வேன், திக்குகிற டெம்போ, ஆளை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கார். உள்ளே வீற்றிருப்பவர் மீட்டர் மகான். மெக்கானிக் என்று தவறாக நினைத்துவிடாதீர்கள். மெக்கானிக் என்றால் நகக்கண்ணில் கிரீஸ் இருக்குமே!

மகானின் தத்துவம் ரொம்ப எளிது. வண்டி ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு பாவம். நசுங்கிய எறும்பு, சேறு தெறித்தவனின் சாபம், எல்லாம் சக்கரம் வழியாக ஏறி மீட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனை பாரத்தை வைத்துக்கொண்டு இன்ஜின் எப்படி இழுக்கும்? ஆகவே மகான் டாஷ்போர்டின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்துவார். தன் தலையையும் உள்ளே விட்டுக்கொள்வார். முணுமுணுப்பார். துணியை எடுத்தால் நாலு லட்சம் என்றிருந்தது வெறும் பதினெட்டாயிரமாகியிருக்கும். வண்டிக்கு வயது குறைந்துவிட்டது! கூட்டம் கை தட்டும். வயதைக் குறைக்கத் தெரிந்தவர் தன் தலைக்கு ஏன் மை பூசுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பக்தர்களில் அதிகம் உருகுவது பழைய வண்டித் தரகர்கள்தான். வாரத்துக்கு மூன்று வண்டியாவது கொண்டுவருவார்கள்.

ஐஸ்காரர் இந்தக் கொட்டகையைத் தினமும் கடந்து போகிறவர். கீழே ஐஸ் ஃபேக்டரியில் கட்டிகளை ஏற்றி, இரண்டு ஏற்றம் தாண்டி, மேலே மீன் சந்தையில் இறக்க வேண்டும். அவருடைய பிக்கப் வண்டி நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இரண்டு மாதமாக ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பின்னால் கறுப்புப் புகை. முதல் கியரிலேயே நகர்ந்து நகர்ந்து சந்தைக்குப் போய்ச் சேரும்போது பாதி ஐஸ் தண்ணீராகச் சாலையில் ஓடியிருக்கும்.

ஒரு நாள் மீன்கடை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள். "தம்பி, நான் ஐஸ் கேட்டேன். நீ தண்ணி கொண்டு வர்ற. நாளைக்கும் இப்படின்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

ஐஸ்காரருக்கு இருந்த ஒரே நிரந்தர வாடிக்கை அது. திரும்புகிற வழியில் நேராக மகானிடம் போய் நின்றார். துணி போர்த்தப்பட்டது, பாவம் கழிந்தது, பணமும் கழிந்தது.

"நேரா வீட்டுக்குப் போ. இன்னிக்கு வண்டியை மேட்டுப் பக்கம் திருப்பாத" என்றார் மகான்.

கொட்டகையிலிருந்து வீடு வரைக்கும் வண்டி பறந்தது! புகை இல்லை, முனகல் இல்லை. ஐஸ்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வீட்டில் நுழைந்ததும் மனைவியிடம் மூச்சுவிடாமல் கொட்டினார். அவள் ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவள்.

"பாரம் ஏத்தியிருந்தீங்களா?"

"இல்ல."

"ஏற்றமா, இறக்கமா?"

"இறக்கம்."

"பாரமில்லாம இறக்கத்துல விட்டா நம்ம வீட்டு பீரோகூடப் பறக்கும்."

"வண்டி என் டிபார்ட்மெண்ட். நீ கம்ப்ரசரைப் பாரு" என்று ஐஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மாதமாக அவர் சொல்லிவருகிற வசனம்தான். அதனால்தான் அவளும் இத்தனை நாள் பேசாமல் இருந்தாள்.

மறுநாள் காலை அவள் எதுவும் கேட்காமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் நிறைய ஐஸ். மீட்டரில் பதினெட்டாயிரம். ஏற்றம் தொடங்கியதும் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் குமரி இருமத் தொடங்கினாள். மூன்றாவது கியர் போச்சு, இரண்டாவதும் போச்சு. கொட்டகையை எட்டுவதற்குள் பின்பலகையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஐஸ்காரர் மகானிடம் ஓடினார். "ஐயா, மறுபடியும் அதே கதைதான்!"

மகான் வண்டியைப் பார்க்கவே இல்லை. "நம்பிக்கை பத்தல. உன் பாவம் ஆழமானது. இன்னொரு தடவை கழிக்கணும்."

ஐஸ்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. அதற்குள் பின்னால் பானெட் திறக்கிற சத்தம் கேட்டது.

"கறுப்புப் புகைன்னா என்ன அர்த்தம்?" மனைவி உள்ளே குனிந்தபடியே பேசினாள். "வயித்துக்குச் சாப்பாடு போகுது, மூக்குக்குக் காத்து போகல. ஏர் ஃபில்டரைக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

ஐஸ்காரர் விழித்தார். "அது எங்க இருக்கு?"

அவள் டப்பாவைக் கழற்றினாள். உள்ளே பஞ்சும் துணிக்கிழிசலும் காய்ந்த புல்லுமாக ஒரு எலி குடித்தனம் நடத்தியிருந்தது. அதை அள்ளி எறிந்தாள். ஃபில்டரைக் கல்லில் தட்டினாள். எழுந்த புழுதியில் முன்வரிசைப் பக்தர்கள் தும்மினார்கள். ஃபில்டரைத் திரும்ப மாட்டி பானெட்டை மூடினாள்.

மகான் சும்மா இருப்பாரா? "இனிமே வண்டி ஓடும். ஏன்னா நேத்தே நான் பாவத்தைக் கழிச்சுட்டேன்!"

கூட்டம் தலையாட்டியது.

"அப்படியா? அப்ப ஒரு உதவி பண்ணுங்க" என்றாள் அவள். "எடுத்த பாவத்தை எல்லாம் திருப்பி ஏத்துங்க. நாலு லட்சம் என்ன, ஒன்பது லட்சமா வையுங்க. எங்க வண்டிதானே, நாங்க தாங்கிக்கறோம்."

"ஐயோ, வேண்டாம்மா!" என்று அலறினார் ஐஸ்காரர். பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

மகானுக்கு வீராப்பு ஏறிவிட்டது. "ஏத்தறேன். அப்புறம் ஒரு அடி நகராது. அழுதுக்கிட்டு எங்கிட்டத்தான் வரணும்!" துணியைப் போர்த்தினார். முணுமுணுத்தார். பாதி முணுமுணுப்பில் அவள் துணியை உருவினாள்.

மகானின் மடியில் கையகலப் பெட்டி ஒன்று. அதில் எண்கள் மின்னின. அதன் ஒயர் ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகியிருந்தது.

"அது... அருள் பெட்டி" என்றார் மகான்.

"இருக்கட்டும். என்னங்க, வண்டியை எடுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ஐஸ்காரர் ஏறினார். மீட்டரில் அதற்குள் ஒன்பது லட்சம் ஏறியிருந்தது. எதிரே இரண்டாவது ஏற்றம், முதலாவதைவிடச் செங்குத்து. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. ஓட்டுகிறவர் அதைச் செய்யக் கூடாது என்பதால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். வண்டி எழுந்தது. மூன்றாவது கியரில், புகையே இல்லாமல், ஒன்பது லட்சம் பாவத்தையும் மொத்த ஐஸையும் சுமந்துகொண்டு மேட்டில் ஏறியது. அவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கொஞ்சம் அழவும் செய்தார்.

சந்தையில் மீன்கடை அக்கா கட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னிக்குத்தான் ஐஸ் வந்திருக்கு. நாளைக்கும் நீயே வா."

அவர் கொட்டகைக்குத் திரும்பியபோது அங்கே ஒரே அமளி. பழைய வண்டி வாங்கிய ஒருவன் தரகர் ஒருவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். "இருபதாயிரம்தான் ஓடியிருக்குன்னு சொல்லித்தானேய்யா என் தலையில கட்டின! அந்த இருபதாயிரம் இந்தப் பெட்டியில பொறந்ததா?" மற்ற தரகர்களைக் காணவில்லை. மகான் பெட்டியோடு பின்பக்கத் தகர இடுக்கில் நுழைந்து ஓடப் பார்த்து, இடுப்பு மாட்டிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஐஸ்காரரைத் திகைக்க வைத்தது வேறு. வாசலில் புதிதாக ஒரு வரிசை. வரிசையின் முனையில் அவர் மனைவி.

"அம்மா, உங்க கைராசியே ராசி! எங்க பானெட்டையும் ஒரு தடவை தொட்டுக் குடுங்க."

அவள் புழுதிக் கையை முந்தானையில் துடைத்தாள். வரிசையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் எதுக்குத் தொடணும்? உங்க பானெட்டை நீங்களே திறந்து பாருங்க. இங்க நிக்கற எல்லா வண்டியும் லட்சக்கணக்குல ஓடித் தேஞ்சு கெடக்கு. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாம புத்தம் புதுசா இருக்கறது உங்க மூளை ஒண்ணுதான். அதையும் கொஞ்சம் ஓட்டிப் பழகுங்கய்யா, தேஞ்சுடாது!"