முதலில் வந்தது கடிகாரம்தான்

அன்புள்ள தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கொள்வது. உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். எனக்கு மட்டும் நாலு நாளாக வயிறு எரிகிறது. டாக்டரிடம் காட்டுகிற எரிச்சல் இல்லை, சம்பந்தியம்மாவைப் பார்த்து வந்த எரிச்சல்.

என் மருமகள் நடத்துகிற குழந்தைகள் அருங்காட்சியகம் எப்படி ஆரம்பித்தது என்று, ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் சொல்கிறேன், கேட்டுக்கோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பேத்தி, அப்போது ஐந்து வயசு, என் அலமாரியில் இருந்த அலாரம் கடிகாரத்தை எடுத்து, மணி எங்கேயிருந்து அடிக்குதுன்னு பார்க்கிறேன்னு ஒரு ஸ்பூனை வைத்தே மொத்தத்தையும் கழற்றிவிட்டாள். ஸ்பூனால் திருகாணி கழற்றுகிற குழந்தையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? நான் கையை ஓங்கினேன். மருமகள், "விடுங்க அத்தை, கத்துக்கிறா"ன்னு சொல்லி, அந்தப் பல்சக்கரத்தையெல்லாம் ஒரு தட்டில் பரப்பி, கார் ஷெட்டில் மேஜை போட்டு வைத்தாள். தெருப் பிள்ளைகள் மொத்தமும் வந்து தொட்டுப் பார்த்ததுகள். மகனோட கார் வெயிலுக்குப் போச்சு, ஷெட் அருங்காட்சியகம் ஆச்சு. பத்து நாள் கழித்து, நல்லா கவனி, பத்து நாள் கழித்துத்தான் சம்பந்தியம்மா ஒரு துருப்பிடித்த தராசோடு ஆட்டோவில் வந்து இறங்கினாங்க.

அப்புறம் ஷெட் ஒழுகி, மூடிக்கிடந்த பாங்குக் கட்டடத்துக்கு மாறினோம். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டினது அந்தம்மா. கத்தரிக்கோல் வைத்த தட்டை ஏந்தினது நான். போட்டோவில் தட்டு விழுந்திருக்கு, என் கை விழுந்திருக்கு, நான் விழலை.

அதையும் பொறுத்தேன். இப்போ வாசலில் வரலாற்றுப் பலகை வைக்கிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை திறப்பு. ரிடையர்டு தலைமை ஆசிரியை இல்லையா, வாசகத்தைச் சம்பந்தியம்மாவே எழுதிட்டாங்க: 'இந்த அருங்காட்சியகம் ஒரு தராசிலிருந்து தொடங்கியது.' எனக்குப் பொறுக்குமா? "கடிகாரம்தானே முதல்ல?"ன்னு கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு, "எந்தக் கடிகாரம்? தட்டுல கிடக்கிற அந்த ஓட்டை ஒடசலா?"ங்கிறாங்க. அங்கே தராசில் செருப்பை நிறுத்துக்கிட்டிருந்த ஒரு வாண்டுகிட்ட நியாயம் கேட்டேன். "பாட்டி, தள்ளுங்க, அடுத்து என் தம்பி ஏறணும்"னுச்சு.

மருமகள் நல்லவள். "கடிகாரம் யார் வீட்டுது, எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க அத்தை, அதையே முதல்ல போட்டுடறேன், அந்தப் பேரோட"ன்னு சொன்னாள். அங்கேதான் மாட்டிக்கிட்டேன். மூணு நாளாக மண்டையை உடைச்சுக்கிறேன், அது எப்படி வந்துச்சுன்னு ஞாபகமே வரலை. நீ சின்னவள், உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, "எங்க அக்கா வீட்டுக் கடிகாரம்தான்"னு அந்தம்மா முகத்துக்கு நேரே நீ ஒரு வார்த்தை சொல்லணும். அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

குழந்தைகளுக்கு என் முத்தம். நீயும் உன் வீட்டுக்காரரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். இந்தக் கடித உறையை ஒட்டப் பசை தேடும்போது அலமாரி மூலையில் கடிகாரத்தின் பின்மூடி கிடைத்தது. உன் வீட்டுக்காரர் ரிடையர் ஆனபோது ஆபீஸில் கொடுத்தது என்று அவர் பேரோடு பொறித்திருக்கிறது. நீ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்னிடம் கொடுத்து வைத்தாயே, அதேதான். பலகையில் உன் வீட்டுப் பேர் வருவதற்குத் தராசே தேவலை என்று மூடியைத் தலையணைக்கு அடியில் சொருகினேன். அதற்குள் பேத்தி உருவி எடுத்து, எழுத்துக்கூட்டி, ஒரு எழுத்து தப்பாமல் படித்துவிட்டு அம்மாவிடம் ஓடிவிட்டாள். என்ன படிப்பு, என்ன படிப்பு! போகட்டும், வா. ரிப்பனை நீயே வெட்டு. தட்டைச் சம்பந்தியம்மா ஏந்தட்டும்.