ஒரு வீட்டில் இரண்டு காய்ச்சல்

கல்முனையில் காய்ச்சல்கார ஆம்பிளையின் முனகலை நம்ப ஒரே ஒரு பெண்தான் இருந்தார். அவர் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை. கைப்பையில் வெண்கட்டி இல்லாமல் வருவார், தேமாமீட்டர் இல்லாமல் வரமாட்டார். யாராவது தும்மினால், சலாம் சொல்லுமுன்பே அது நம் வாய்க்குள் போய்விடும். பிள்ளைகள் ‘தேமாமீட்டர் டீச்சர்’ என்றார்கள். வரவுப் பதிவு இடாப்பில் இருந்த பெயரை நாங்களும் மறந்துபோனோம்.

தொண்ணூறுகளில் ஒரு மாரியில் வைரஸ் காய்ச்சல் பரவியது. பெண் ஆசிரியர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் நடத்தினார்கள். ஆண்களில் பாடசாலை அதிபரும் நானும்தான் மிச்சம். ஒற்றைக் கையால் மோட்டார் சைக்கிளைத் தூக்கும் விளையாட்டு ஆசிரியர், எங்கள் ‘விளையாட்டு சேர்’கூட, நிந்தவூரில் போர்வைக்குள் “உம்மா, உம்மா” என்று கிடந்தார். ஆறாம் நாள், அவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டாராம் மனைவி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. வெளியேற வேண்டியவர் அவர்தான்.

டீச்சர் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

“எனக்கும் முந்தநாள்ல இருந்து அதே காய்ச்சல்தான் டீச்சர்,” என்றார் மனைவி. “நான் புட்டு அவிக்கிறன், உடுப்புக் கழுவுறன். இவர் மௌத்தாகி உசிர் போற மாதிரிக் கிடக்கார். உம்மாவைத்தானே கூப்பிடுறார், வரிப்பத்தான்சேனைக்கு உம்மாட்டயே போகட்டும்.”

டீச்சர் இருவரையும் அளந்தார். சேருக்கு நூற்றிரண்டு, மனைவிக்கு நூற்றுமூன்று.

“அவர் நடிக்கல்ல தங்கச்சி. பொதுவா பொம்புளட உடம்பு கெதியா எழும்பிக் கிருமியோட சண்டை புடிக்கும். ஆம்புளட உடம்பு சுணங்கித்தான் எழும்பும். அதுக்குள்ள கிருமி பெருகிரும்.”

“கேட்டியா?” என்றது போர்வை.

“நீங்க கதைக்காமக் கிடங்க சேர். அவக்கு உங்களை விட ஒரு பாகை கூட. தங்கச்சி, நீங்களும் போய்ப் படுங்க. கணக்கு சேர், தேங்காயத் துருவுங்க.”

கணக்கு சேர் நான்தான். அன்றையப் புட்டில் தேங்காயோடு என் விரல் தோலும் கொஞ்சம் சேர்ந்தது. குற்றம் சொல்ல இருவருக்கும் தெம்பில்லை. மூன்றாம் நாள் மனைவி எழும்பினார். விளையாட்டு சேர் மேலும் நாலு நாள் முனக, மனைவி ஏசாமல் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்.

மறுவாரம் டீச்சரே வகுப்பில் நின்றபடி தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். ஒன்பது நாள் படுக்கை. விளையாட்டு சேரும் மனைவியும் கஞ்சியோடு போனபோது நானும் போனேன்.

“உங்கட கணக்குப்படி இது கெதியா விடணுமே டீச்சர்?” என்றார் விளையாட்டு சேர்.

“ஓம். பொதுவா எண்டுதானே சொன்ன நான். என்ட உடம்பு அந்தப் பாடம் நடந்தண்டைக்கு லீவு போல.”

அவருடைய வகுப்பை நான்தான் பார்த்துக்கொண்டேன். “டீச்சர் எப்ப வருவா சேர்?” என்று பிள்ளைகள் தினமும் கேட்பார்கள். சும்மா இருங்கள் என்று அதட்டுவேன். அதே கேள்வியை அன்று காலையிலேயே நான் அதிபரிடம் இரண்டு தரம் கேட்டிருப்பேன்.