மெமரி ஒத்துவராத கம்ப்யூட்டரும் கிளாக் அண்ணையும்

கிளாக் அண்ணையை விட மெதுவான மனிதரை ஆக்லாந்து இதுவரை கண்டதில்லை, இனிமேலும் காணப்போவதில்லை. நான் இரண்டாவது ஈடு இட்லியை இறக்கி வைக்கும்போதும் அவர் முதல் இட்லியின் ஓரத்தைத்தான் விண்டுகொண்டிருப்பார். அவரிடம் "இன்னிக்கு என்ன கிழமைண்ணா?" என்று கேட்டால், பதில் வருவதற்குள் அடுத்த கிழமை பிறந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆசை வேகம். தன்னுடைய வேகமல்ல, தன்னுடைய கம்ப்யூட்டரின் வேகம்.

ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம், கராஜை மாற்றிக் கட்டிய ஒற்றை அறையில் அவர் குடியிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள். மனுகாவில் ஒரு கிளினிக்கில் காது பரிசோதிக்கும் வேலை. பகலெல்லாம் மற்றவர்களுக்கு என்ன கேட்கிறது என்று கேட்டுவிட்டு வந்து, சாயங்காலம் தன் கம்ப்யூட்டரின் காற்றாடிச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். நாங்கள் கச்சேரி கேட்பது போலத் தலையாட்டல்கூட உண்டு.

கம்ப்யூட்டரின் மூளை ப்ராசசர். அதைச் செய்தவர்கள் 'இந்த வேகத்துக்கு மேல் ஓட்டாதே' என்று ஒரு கணக்கு வைத்து அனுப்புகிறார்கள். அந்தக் கணக்கை மதிக்காமல் விரட்டி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். இந்த ஒரு வார்த்தையை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே அவருடைய சொந்தப் பெயர் போய், கிளாக் அண்ணை என்று ஆகிவிட்டது.

பெயர் பரவியதில் ஒரு சங்கடமும் வந்தது. கோயிலில் பார்த்துப் பழகிய மலேசியத் தமிழ் ஆன்ட்டி ஒருவர், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"கிளாக் ரிப்பேர் பண்றவரு இங்கதானே லா இருக்காரு? இது ஓட மாட்டுதும்மா."

'இல்லை' என்று சொல்லி அனுப்ப ஒரு நொடி போதும். ஆனால் கிளாக் அண்ணைக்கு அந்த ஒரு நொடிக்குள் வாய் திறக்காது. அவர் யோசித்து முடிப்பதற்குள் ஆன்ட்டி கடிகாரத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வாரக்கணக்கில் அண்ணை அதைக் குடைந்து ஒருவழியாக ஓடவும் வைத்துவிட்டார். ஓடியது. ஓடிய ஓட்டத்தில் ஊர் நேரத்தை முந்திக்கொண்டே போனது. அதை நம்பிக் கிளம்பிய ஆன்ட்டி அடுத்த வெள்ளிக்கிழமை குருக்கள் வருவதற்கு முன்பே கோயில் வாசலில் போய் நின்றார்.

"கடிகாரத்தையும் ஓவர்கிளாக் பண்ணிட்டீங்களாண்ணா?" என்றேன்.

"பிழையா ஓடேல்லை தங்கச்சி. கெதியா ஓடுது," என்றார். முகத்தில் பெருமை.

இந்த வேகமெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அந்தக் கம்ப்யூட்டரில் அவர் விளையாட மாட்டார். படம் பார்க்க மாட்டார். வேகத்தைக் கூட்டுவார், கூட்டின வேகத்தில் நிற்காமல் ஓடுகிறதா என்று ஒரு சோதனை ஓட விடுவார், முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஓடினால் இன்னும் கூட்டுவார். நின்றால் குறைப்பார். வேலை அவ்வளவுதான். குதிரை வாங்கியவர் ஊருக்குப் போகாமல் லாயத்திலேயே அதை ஓட வைத்துப் பார்ப்பது போல.

பார்த்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தச் சோதனை ஓடும்போது நான் கிரைண்டரைப் போட்டால், வீட்டின் மெயின் சுவிட்ச் படக்கென்று விழுந்துவிடும். பாதி அரைந்த மாவு ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். பின்பக்கக் கதவிலிருந்து கிளாக் அண்ணையின் குரல் மெதுவாக வரும்.

"தங்கச்சி... அரைக்கிறியளோ?"

"இப்ப இல்லண்ணா. அரைச்சுட்டிருந்தேன்!"

இங்கே ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் எல்லோரும் ஜன்னல் இடுக்கில் துணி திணித்துக்கொண்டிருப்போம். அவர் ஜன்னலை அகலத் திறந்துவைத்து, கம்பளித் தொப்பியும் இரண்டு ஜாக்கெட்டும் போட்டு நடுங்கிக்கொண்டிருப்பார். கம்ப்யூட்டருக்கு வெக்கையாம். அவர் இருமுவார். அது இருமாது.

இந்த மனிதர் கார் ஓட்டுவதைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒருமுறை எங்களை மனுகாவுக்கு ஏற்றிப்போனார். மோட்டர்வேயில் பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. என் மகள் நிலா, பின் சீட்டிலிருந்து, "அம்மா, ஆர் வி பார்க்ட்?" என்று கேட்டாள்.

மெமரி விஷயத்தை அன்றைக்குத்தான் எனக்கு விளக்கினார். அவ்வளவு நேரம் இருந்தது.

"ப்ராசசரை மட்டும் கெதியா ஓட்டினால் காணாது தங்கச்சி. மெமரியும் அதோட சேர்ந்து ஓடோணும். ரெண்டுக்கும் பொதுவான அடிக் கிளாக்கைக் கூட்டினால் ரெண்டின்ர வேகமும் ஏறும். ப்ராசசர் தாங்கும். மெமரி தாங்காது. அப்ப அதின்ர கணக்கை ஒரு படி குறைச்சு, அதால ஓடக்கூடிய வேகத்துக்குக் கொண்டுவரோணும். ரெண்டும் ஒத்துப்போனால்தான் நிக்காம ஓடும். விளங்குதோ?"

"ஒத்துப்போகலைன்னா?"

"சில நேரம் உடன நிக்கும். சில நேரம் நல்லா ஓடுற மாதிரி ஓடி, எங்களை நம்ப வைச்சிட்டு நிக்கும்."

இரண்டாவது வகைதான் என் தலையில் விடிந்தது.

மதுரையில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள் நான். இங்கே வந்து ஒரு கடையில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தேன். போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம் 'வருந்துகிறோம்' என்று பதில் வந்து, வருந்துகிறோம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பசி போய்விடும் நிலைமை. அப்போதுதான் வெலிங்டனில் ஒரு கம்பெனி வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய கணக்கு வேலை. பேசினால் மட்டும் போதாது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் திரையில் ஒரு கணக்கைச் செய்து காட்ட வேண்டும். போனில் ஆகிற காரியமில்லை.

முதல் நாள் சாயங்காலம் நிலா என் லேப்டாப்பின் மேல் ஒரு டம்ளர் மைலோவைக் கொட்டினாள். லேப்டாப் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போனது.

என் கணவருக்கு மங்கரேயில் விமானச் சரக்குக் கிடங்கில் ஷிப்ட். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பின்னாடி இருக்கற கம்ப்யூட்டர் மட்டும் வேண்டாம்."

வேறு கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? போய்க் கேட்டேன். கிளாக் அண்ணையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வருஷக்கணக்காகச் சும்மா ஓடின குதிரைக்கு முதல்முறையாகச் சவாரி வந்திருக்கிறதே!

"நிக்காதுல்லண்ணா?"

"நிக்காது. நான் சோதிச்சிட்டன். ஒண்டும் விழேல்லை. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

யாழ்ப்பாணப் பேச்சில் 'ஆறுதலாக' என்றால் நிதானமாக என்று பொருள். எனக்கு அது அப்போது தெரியாது. நமக்குத் தைரியம் சொல்கிறார் போலும் என்று நினைத்து, "ரொம்ப தேங்க்ஸ்ணா," என்றேன்.

மறுநாள் காலை அவர் லீவு போட்டுவிட்டு, அறையைப் பெருக்கி, எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். ஜன்னல் வழக்கம்போலத் திறந்து கிடந்தது. நான் சேலைக்கு மேல் கம்பளி ஜாக்கெட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கேமரா படாத மூலையில், முழங்காலில் கை வைத்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல இருந்தார்.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் இருந்த பெண்மணிதான் மேலாளர். நான் நன்றாகவே பேசினேன். கணக்கைத் திறந்தேன். சரக்கு இருப்பு எங்கே உதைக்கிறது என்று காட்டினேன். மேலாளர் புன்னகையோடு தலையை ஆட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. புன்னகையும் நின்றது. அப்புறம் திரை முழுக்க நீலமாகிவிட்டது.

"நிண்டு போச்சு," என்றார் கிளாக் அண்ணை.

"தெரியுதுண்ணா!"

எழுந்து வந்தார். நீலத் திரையில் இருந்த எழுத்தைக் குனிந்து படித்தார். தொலைந்துபோன உறவுக்காரரைக் கண்ட மாதிரி முகம் மலர்ந்தது. "மெமரிதான்!"

"நேத்து டெஸ்ட் பண்ணிட்டேன்னு சொன்னீங்களே?"

"ஓம், நேற்று ஒரு பிழையும் இல்லை. காலமைதான் இன்னும் கொஞ்சம் கூட்டினனான். அடிக் கிளாக்கைக் கூட்டின அவசரத்தில மெமரியைக் குறைக்க மறந்துபோனன்."

"காலைல எதுக்கு கூட்டினீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்கட முகம் அவையளுக்கு வடிவாத் தெரியோணுமெண்டு."

அழுவதா, அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிவதா? ஜன்னல்தான் தோதாகத் திறந்தும் இருந்தது.

வெலிங்டனுக்குப் போன் செய்தேன். மேலாளர் நல்ல மாதிரி. கால் மணி நேரம் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, "நோ வொரீஸ், டேக் யுவர் டைம்," என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். கிளாக் அண்ணையின் காதில் மட்டும் விழக்கூடாத வார்த்தை அது. அவர் நிம்மதியாகத் தலையை ஆட்டிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையைத் திறந்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். மெமரியின் வேகத்தை ஒரு படி கீழே இறக்கினார். சரிபார்த்தார். இறக்கியது இறங்கியிருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்தார். நான் பின்னால் நின்று நகத்தையெல்லாம் கடித்து முடித்துவிட்டேன். ஒருவழியாகக் கம்ப்யூட்டர் கிளம்பி வந்தது.

"இப்ப ரெண்டும் ஒத்துப்போகுது," என்றார்.

"அப்ப நான் உக்காரட்டுமா?"

"பொறுங்கோ. சோதிக்கோணும்."

"எவ்வளவு நேரம்?"

"பின்னேரம் வரைக்கும் ஓட விட்டுப் பாத்தால் நல்லம். அவசரப்படாதேங்கோ. ஆறுதலாச் செய்வம்."

"எனக்கு ஆறுதல் வேண்டாம்ணா, கம்ப்யூட்டர் வேணும்!" என்று கத்தியேவிட்டேன். "அப்படியே குடுங்க. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் அவ்வளவு உறுதியை நான் அதுவரை கேட்டதில்லை. "சோதிக்காத மெஷினில உங்களை இருத்த மாட்டன். திரும்ப நிண்டால் அவையள் காத்திருக்க மாட்டினம்."

கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி அந்த அமைப்புக்குள் போனார். எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்த பழைய வேகத்துக்கே மாற்றிவிடும் ஒரு வரி அங்கே இருந்தது. ப்ராசசரும் பழையபடி, மெமரியும் பழையபடி. நிச்சயம்தானா என்று திரை கேட்டது. அந்த மனிதரின் கை வேகமாக நகர்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பட்டென்று விசையை அழுத்திவிட்டு, எழுந்து போய் ஜன்னலையும் சாத்தினார்.

"இப்ப வந்து இருங்கோ. இது நிக்காது."

நிற்கவில்லை. கணக்கை முடித்தேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மேலாளர் தலையை முழுதாக ஆட்டினார். மூலையில் கிளாக் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு, இருமலை அடக்கி அடக்கிக் கண்ணெல்லாம் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

வேலை கிடைத்தது. அந்த வாரமே செய்தி வந்தது. கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"உங்க பழைய வேகத்தை எல்லாம் திருப்பி வெச்சிட்டீங்களாண்ணா?"

"அதெல்லாம் போயிட்டுது தங்கச்சி. அழிச்சால் அழிஞ்சதுதான்."

இத்தனை வருஷமாக இம்மி இம்மியாக ஏற்றி, இறக்கி, ஒத்துப்பார்த்து வைத்த அத்தனையும்! "எங்கயும் எடுத்து வைக்கலையா?"

"நேரம் எங்க இருந்தது? அவையள் காத்துக்கொண்டு நிண்டவையெல்லே." கேசரியை ஸ்பூனின் நுனியில் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "பரவாயில்லை. திரும்ப முதலில இருந்து செய்வம்," என்றார்.

செய்தார். மறுநாள் நான் கிரைண்டரைப் போட்டதும் மெயின் சுவிட்ச் விழுந்தது. "தங்கச்சி, அரைக்கிறியளோ?" என்று குரலும் வந்தது. வேலை வாங்கித் தந்த மனிதராயிற்றே என்று நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். நன்றாகத் திட்டினேன்.

போன வருஷம் அவர் மெல்போர்னில் இருக்கும் தங்கையின் வீட்டுக்கே போய்விட்டார். துணிமணியெல்லாம் பெட்டியில் போயிற்று. கம்ப்யூட்டர் மட்டும் அவர் மடியில். விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் என் கணவரிடம் "ஆறுதலா ஓடுங்கோ தம்பி" என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசிப் பயணியாகத்தான் உள்ளே போனார்.

நாங்கள் இப்போது புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறோம். அதில்தான் என் ஆபீஸ் வேலை. வாங்கிய நாளிலிருந்து அது ஒருமுறைகூட நின்றதில்லை. சில நாள் அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. ஒருநாளாவது நின்று தொலைத்தால்தான் என்ன? மெல்போர்னுக்குப் போன் போட்டுத் திட்ட எனக்கும் ஒரு சாக்கு வேண்டாமா?