இருபத்து மூன்றாவது சரத்தும் ஒரு மூட்டை மல்லாட்டையும்

இனிமேல் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிப்பதில்லை என்று கோகுலகிருஷ்ணன் முடிவெடுத்தார். சும்மா எடுக்கவில்லை, இந்திய அரசியலமைப்புச் சட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு எடுத்தார்.

விழுப்புரத்தில் அவர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அரசியலமைப்பு நாளன்று எல்லோரும் வரிசையாக நின்று முகவுரையை வாசிப்பது வழக்கம். இந்த வருஷம் அதிகாரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மைக் கோகுலகிருஷ்ணன் கைக்கு வந்தது. "இந்திய மக்களாகிய நாம்" என்று அவர் ஆரம்பித்தார். பின்னால் முப்பது பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். மனுஷன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல இத்தனை பேரா! வீட்டில் அவர் ஒன்று சொன்னால் திரும்பி வருவது வேறு மாதிரி இருக்கும். அன்று மாலையே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் அரசியலமைப்புப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, அடிக்கோடு போட்டுப் படித்தார்.

மல்லாட்டை விவகாரம் வேறு. மனைவி கவிதாவின் அப்பாவுக்குத் திருவெண்ணெய்நல்லூரில் நிலம். மார்கழிப் பட்டத்துக்கு விதை மல்லாட்டையைக் கையால்தான் உரிக்க வேண்டும், மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், முளைக்காது. கல்யாணமான புதிதில் மாமனாரிடம் நல்ல பேர் வாங்குகிறேன் பேர்வழி என்று கோகுலகிருஷ்ணன் உட்கார்ந்து ஒரு முறம் உரித்துக் கொடுத்தார். அந்த வருஷம் பார்த்தா விளைச்சல் அள்ளிக்கொண்டு போக வேண்டும்? மூத்த மாப்பிள்ளை கை ராசியான கை என்று மாமனார் முடிவு கட்டிவிட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் மூட்டை விழுப்புரத்துக்கே பஸ் ஏறி வந்துவிடுகிறது.

இந்த வருஷம் அது வந்து இறங்கியது சனிக்கிழமை. மறுநாள் திண்டிவனத்தில் மணிமாறன் வீட்டில் கேரம் இறுதிப் போட்டி. மணிமாறன் கல்லூரிக் காலத்துச் சிநேகிதன். அவனை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்பது கோகுலகிருஷ்ணனின் நெடுநாள் ஏக்கம். இந்தத் தடவை கட்டைவிரல் ஷாட் ஒன்றைப் பழகி வைத்திருந்தார். அந்தக் கட்டைவிரலை மல்லாட்டை ஓட்டில் வைத்துத் தேய்க்க அவருக்கு மனசு வரவில்லை.

புத்தகத்தோடு சமையலறை வாசலில் போய் நின்றார்.

"கவிதா, நான் நாளைக்கு உரிக்கப் போறதில்ல."

"ஏன், கையில சுளுக்கா?"

"இருபத்து மூணாவது சரத்து. கட்டாய வேலை வாங்கக் கூடாது. வாங்குனா குத்தம்."

"ஓ! அப்ப திண்டிவனம் போறீங்களா?"

"பத்தொன்பதாவது சரத்து. நாடு பூரா தடையில்லாம நடமாடலாம். ஆயுதமில்லாம, அமைதியா ஒண்ணு கூடலாம். நாங்க ஸ்ட்ரைக்கர் மட்டுந்தான் எடுத்துக்கினு போறோம்."

கவிதா அடுப்பைக் குறைத்தாள். அவள் அடுப்பைக் குறைத்தால் பேச்சு நீளும் என்பது கோகுலகிருஷ்ணனுக்குத் தெரியும். ஆனாலும் சட்டம் பக்கத்தில் இருந்ததால் அசையாமல் நின்றார்.

"அதுல கடமைன்னும் ஒரு பகுதி இருக்குமே?"

"இருக்குது. ஆனா அது பின்னாடி சேத்தது. உரிமை போச்சுன்னா கோர்ட்டுக்குப் போலாம். கடமைய செய்யலன்னு யாரும் நம்ம மேல கேஸ் போட முடியாது."

"யாரும் கட்டாயப்படுத்த முடியாதா?"

"முடியவே முடியாது."

"தானா வந்து செஞ்சா?"

"தாராளமா செய்யட்டும். அதுக்குத் தடையில்ல."

"சரிங்க. போய்ட்டு வாங்க."

இவ்வளவு சுலபமாக நாடு விடுதலை அடையும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

காலையில் கிளம்பும்போது கவிதா மூட்டையை வாசலுக்கு இழுத்து வந்தாள். "போறதுதான் போறீங்க, இத மணிமாறன் அண்ணன் வூட்ல சேத்துடுங்க. உரிக்க அங்க ஆளு இருக்குதாம். அன்புச்செல்வி போன் பண்ணா."

அன்புச்செல்வி மணிமாறனின் மனைவி.

"கூலி எவ்ளோ கேக்கறாங்க?"

"கூலியெல்லாம் இல்லியாம். நாலு பேரு, சும்மா குந்திக்கினு இருக்கறவங்கதானாம்."

"கூலியில்லாமயா! எவன் பெத்த புள்ளைங்களோ, பாவம். உரிமைன்னா என்னான்னே தெரியாத ஜனங்க." கோகுலகிருஷ்ணன் உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்கப்பா என் கை ராசிதான் வேணும்பாரே?"

"நீங்கதான தூக்கிக்கினு போறீங்க? ராசி ஒட்டிக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றி, ஷேர் ஆட்டோவில் திணித்து, பஸ்ஸில் கண்டக்டரிடம் பாட்டு வாங்கி, லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, திண்டிவனம் போய் இறங்கினார். வழியெல்லாம் விசில்தான். மூட்டை வீட்டை விட்டு ஒழிந்ததே!

மணிமாறன் வீட்டுக் கூடத்தில் கேரம் போர்டு தயாராக இருந்தது. சுற்றி நாலு நாற்காலி. ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு காலி முறம். கேரம் கூட்டாளிகள் பச்சைமுத்துவும் சவுரிராயனும் ஏற்கெனவே உட்கார்ந்து முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணிமாறன் சிநேகிதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வாங்கண்ணா," என்றாள் அன்புச்செல்வி. "மூட்டைய இப்படி எறக்குங்க."

"உரிக்கற ஆளுங்க எங்கம்மா?"

"ஒருத்தர் அடிக்கறப்ப மத்த மூணு பேரு கை சும்மாதான இருக்குது? கவிதாதான் சொன்னா, ஐடியா நல்லா இருக்குதேன்னு நானும் சரின்னுட்டேன்."

கோகுலகிருஷ்ணன் நிமிர்ந்து நின்றார். "இது கட்டாய வேலை. சட்டப்படி..."

"ஐயய்யோ, கட்டாயமே இல்லண்ணா! இஷ்டம் இருந்தா உரிங்க." அவள் சிரித்தாள். "சமைக்கறதும் எனக்கு இஷ்டந்தான். கறி வாங்கி வெச்சிருக்கேன். முறம் நெறைஞ்சா அடுப்பு பத்தும்."

பச்சைமுத்து முதலில் ஒரு கை அள்ளினார். சவுரிராயன் அடுத்து. மணிமாறன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "ஏன்டா, வூட்ல உரிமைப் பிரகடனம் பண்ணியாமே? உன் உரிமைய உன் வூட்டோட வெச்சிக்கக் கூடாதா? பேஜாரு புடிச்சவனே!"

உரித்தார்கள். மத்தியானத்துக்குள் கோகுலகிருஷ்ணனின் கட்டைவிரல் சிவந்து வீங்கிவிட்டது. பழகி வைத்திருந்த ஷாட்டை அடித்தார். ஸ்ட்ரைக்கர் நேராகக் குழிக்குள் போனது, காய்கள் வைத்த இடத்திலேயே இருந்தன. மணிமாறன் வழக்கம்போல ஜெயித்தான். கறிக்குழம்பு மட்டும் நன்றாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருட்டுவதற்குள் விதைப் பருப்போடு வீடு திரும்பினார். கவிதா முறத்தில் கொட்டிப் புடைத்துப் பார்த்தாள். "ஒரு பருப்பு பிளக்கல. ராசியான கைதான்."

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அவமானம், விரல் வலி, தோல்வி, எல்லாம் சேர்ந்துகொண்டன. "போதும்டி! இனிமே ஞாயித்துக்கிழமைன்னா நான் எங்கியும் நடமாடப் போறதில்ல. என் வூட்ல நான் அமைதியா இருப்பேன். எவனும் என்னைக் கேக்க முடியாது."

"இருங்க. உங்க வூடு, உங்க உரிமை." கவிதா போனை எடுத்தாள். "அன்பு, அப்பா மேட்டு நெலத்துக்கும் ஒரு மூட்டை அனுப்பறாராம். அடுத்த வாரம் இங்கதான், அவரும் வூட்லயே இருக்கறேன்னுட்டாரு. அண்ணனுங்க மூணு பேரையும் ஜல்தியா அனுப்பிடு."

போனை வைக்கப் போனவள், ஞாபகம் வந்து மறுபடி காதில் வைத்தாள்.

"வர்றப்ப போர்டை வேற தூக்கிக்கினு அலைய வேணாம்னு சொல்லு."