உள்ளே வந்ததும் கதவைச் சாத்துகிறவர்

இந்தப் பிராணியை நீங்கள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் பார்த்திருப்பீர்கள். பரமபத வாசலுக்கு வெளியே நிற்கிற வரைக்கும் "எதுக்கு ஸ்வாமி இவ்வளவு கெடுபிடி?" என்று போலீஸ்காரரோடு மல்லுக்கு நிற்பார், முண்டியடித்து உள்ளே ஒரு காலை வைத்தாரோ இல்லையோ, திரும்பிப் பார்த்து, "சாத்துங்கோ, கூட்டம் தாங்கலை" என்பார்.

ஸ்ரீரங்கம் பராசரன் இந்த இனத்தில் அசல் சரக்கு. ரிட்டயரானதும் வந்த பணத்தையெல்லாம், டிரிப்ஸைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றும் மெஷின் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் போட்டவர். அரசாங்க அனுமதிக்கு அலைந்த காலத்தில் அவர் வாயில் விழாத அதிகாரி கிடையாது. "ஒரு மெஷினுக்கு இத்தனை டெஸ்டா? இந்த தேசம் உருப்படுமா?" அனுமதி வந்தது. அன்று சாயங்காலமே அதிகாரிகள் அனைவரும் மகான்களாகிவிட்டார்கள்.

"மெஷினை எவன் வேணா பண்ணிடுவான் ஓய்," என்பார் நடைப்பயிற்சி நண்பரிடம். "அனுமதி வாங்கறதுக்குள்ள அவனுக்குத் தலை நரைச்சுடும். நம்ம ஆஸ்தியே அதுதான்."

அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜமீல், அதே வேலையைச் செய்யும் மெஷினோடு அனுமதிக்கு விண்ணப்பித்தார். பராசரனுக்குத் தூக்கம் போயிற்று. நல்ல வேளையாக, விதிகளைத் திருத்துவதற்கு அரசாங்கம் பொதுமக்களிடம் யோசனை கேட்டிருந்தது. எழுதினார். ஏசி இல்லாத வார்டில், மே மாதத்துத் திருச்சி வெயிலில் மெஷின் தாங்குமா என்று சோதிக்க வேண்டாமா? பட்டறைக்காரர் இதில் மாட்டாமல் போவாரா? நோயாளிகள் மேல் அப்படி ஒரு கரிசனம் பராசரனுக்கு. யோசனை விதியானதும் வீட்டில் அக்காரவடிசல் பண்ணச் சொன்னார்.

புது விதி பழைய ஆட்களுக்கும் உண்டு, அனுமதியைப் புதுப்பிக்கும்போது. இதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஜமீலின் மெஷின் தகரக் கூரைக்கடியில் பிறந்து வளர்ந்தது, சிரித்துக்கொண்டே தேறிவிட்டது. ஏசி அறையைத் தாண்டியிராத பராசரனின் மெஷினோ சூடு ஏற ஏறச் சொட்டுக் கணக்கை மறந்து, மருந்தைக் கடகடவென்று ஓட்டிவிட்டது. புதுப்பிப்பு நின்றது. போட்ட பணம் தொங்கலில் நின்றது.

மனைவி குமுதவல்லி காபியை வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள். "ஏன்னா, போன கோடையில என் தம்பி படுத்திண்டிருந்தானே, அந்த வார்டுல ஏசி கிடையாது. அவனுக்கு ஏத்தினதும் உங்க மெஷின்தானே?"

பராசரனுக்கு வியர்த்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மறுபடி டெஸ்டுக்குக் கொடுக்கப் போன இடத்தில், சான்றிதழ் வாங்க வந்த ஜமீல் எழுந்து அவருக்கு நாற்காலி கொடுத்தார். "உட்காருங்க சார். இந்த டெஸ்ட எந்த மகராசன் யோசிச்சாரோ, நல்லா இருக்கணும். எத்தனை உசுரு பொழைக்கும்."

பராசரன் கண்ணாடியைத் துடைத்தார். "இருந்தாலும் கெடுபிடி கொஞ்சம் ஜாஸ்தி," என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, ஒரு கால் இன்னும் படிக்கட்டில் இருக்கும்போதே, "இதுக்கு மேல ஆள ஏத்தாதீங்க கண்டக்டர்" என்று ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது?