மண்வெட்டிக்கு வாங்கிய விரால்

நான் மீன் பிடிக்கக் கிளம்பியது வயிற்றுக்காக இல்லை. முதுகுக்காக.

சிரிக்காதீர்கள். மலாய் நாட்டில் எங்கள் ஊரான காஜா பேராங்கில் அந்த வருஷம் முதுகு என்று ஒன்று இருந்த ஆண்பிள்ளை எல்லாரும் குனிந்துகொண்டுதான் இருந்தார்கள். ஜப்பான்காரன் வந்தான், அரிசி போனது. வீட்டுக்கு வீடு பின்னால் மரவள்ளி நடவேண்டும் என்று உத்தரவு. வருஷத்தைக்கூட மாற்றிவிட்டான். 1943 என்று சொல்லக்கூடாது, 2603 என்று சொல்லவேண்டும். ஒரே நாளில் எனக்கு அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது. இந்த வயதில் ஒரு மனுஷன் மண்வெட்டி பிடிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

பிடிக்கலாம் என்றாள் என் மனைவி சாரதாம்பாள்.

"பின்னாடி அவ்ளோ மண்ணு சும்மா கெடக்கு. கொத்திக் குடுங்க, நான் நட்டுக்கறேன்."

"இது துணி கிழிக்கிற கை, சாரதா. மண்ணு கிழிக்கிற கை இல்ல."

"கடையிலதான் துணியே இல்லையே?"

அது வாஸ்தவம். நான் வேலை பார்த்த ஜெய்னுலாப்தீன் மரைக்காயர் ஜவுளிக்கடைக்குக் சரக்குக் கப்பல் வந்து வெகுநாளாகிவிட்டது. துணியெல்லாம் போய்க் கஜக்கோல் மட்டும் மிச்சம். அதை வைத்து மரைக்காயர் முதுகு சொறிந்துகொண்டிருந்தார். ஞாயிறும் புதனும் கடைக்கு வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளின் மேல்தான் சாரதாவுக்குக் கண்.

நான் எழுந்து நின்றேன். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இனிமே இந்த வீட்டுக்கு மீன் கொண்டு வர்றது என் பொறுப்பு!"

"யாரு? நீங்களா?"

"கலியாணசுந்தரம்னு பேரு. எடுத்த காரியத்த முடிக்காம விடமாட்டேன்."

சாரதா கிழங்கைச் சீவிக்கொண்டே யோசித்தாள்.

"சரி. மீனு கொண்டு வர்ற வரைக்கும் மண்வெட்டியத் தொடச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் வெறுங்கையோட வந்தீங்க, அன்னையிலேர்ந்து பின்னாடி மண்ணு முழுக்க உங்களுக்குத்தான். பேச்சு மாறக்கூடாது."

"சத்தியம்!" என்றேன்.

வேலிக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டு அஞ்சலை களுக்கென்று சிரித்த சத்தம் கேட்டது. அவளுக்கு எப்போதும் சிரிப்புதான். நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் ஞாயிறு. செங் என்ற ஊருக்குப் போகிற பாதையில் ஒரு மைல் நடந்தால் ஆறு ஒரு வளைவு எடுக்கும். கரையில் தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு மரம். உட்கார வாகான கிளை. பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கமும் வாய்க்கால் உண்டு. ஆனால் அங்கே விமானத் திடல். அங்கே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தால், ஜப்பான் சிப்பாய் நம்மை நிரந்தரமாக அண்ணாந்து படுக்கவைத்துவிடுவான்.

தூண்டிலைப் போட்டேன். மண்புழு இல்லை. மண்புழு வேண்டுமென்றால் மண்ணைக் கொத்தவேண்டும். கொத்தாமல் இருக்கத்தானே வந்திருக்கிறேன்! அதனால் மரவள்ளி மாவை உருட்டிக் கோத்துவிட்டேன். மீனுக்கும் மரவள்ளி அலுத்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. மீன்கொத்தி!

சர்ரென்று ஒரு நீலம். நீலம் என்றால் நீலம்! இருபது வருஷம் துணி கிழித்திருக்கிறேன். அந்த நீலத்தில் ஒரு முழம் பட்டு என் கையில் வந்ததில்லை. தண்ணீரில் பொத்தென்று விழுந்து, வாயில் மீனோடு எழுந்து, என் எதிர்க் கிளையில் உட்கார்ந்து, மீனைக் கிளையில் நாலு சாத்து சாத்தி விழுங்கியது. எனக்குக் கை தட்டவேண்டும்போல் இருந்தது. தட்டியேவிட்டேன். அது பறந்துவிட்டது. தூண்டிலும் கையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது.

அதை எடுக்கப் போனவன் இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றுவிட்டேன். தலைக்கு மேலே தூக்கணாங்குருவிக் கூடுகள்! ஒன்றா இரண்டா, ஒரு காலனியே தொங்குகிறது. ஒரு குருவி புல்லை வாயில் வைத்து உள்ளே விடுகிறது, வெளியே இழுக்கிறது, முடிச்சுப் போடுகிறது. அடடா, அடடா! மரைக்காயர் பார்த்திருந்தால் அங்கேயே கடை போட்டிருப்பார். வாய்க்கால் கூடுகிற இடத்தில் ஒரு செந்நாரை ஒற்றைக்காலில் தபஸ். கோரைப் புல்லுக்குள் கானாங்கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறது. ஊரே ஜப்பானின் டோக்கியோ நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைத்திருக்க, இதுகள் மட்டும் சூரியனைப் பார்த்து எழுந்து சூரியனைப் பார்த்துத் தூங்குகின்றன. எந்த உத்தரவும் இதுகளிடம் செல்லாது. எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே நிறைந்துவிட்டது.

சாயங்காலம் ஆகிவிட்டது. கையில் மீன் இல்லை.

திரும்பும் வழியில் பலாமரத்தடியில் மரியம் மக்சிக் உட்கார்ந்திருந்தாள். மலாய்க்காரக் கிழவி; மக்சிக் என்றால் அவர்கள் பாஷையில் அத்தை மாதிரி. வலைபோடுகிறவர்கள் வீட்டு மனுஷி. முன்னால் இலையில் நாலு கெளுத்தி. எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "மீன் குடுப்பீங்களா, மக்சிக்?"

"ஜப்பான் நோட்டு வேண்டாம். சாமான் குடு."

என்னிடம் சாமான் ஏது? உடுத்தியிருந்த சட்டைதான். என் முதுகைக் காப்பாற்ற என் சட்டை போனது. நியாயம்தானே?

"பறவை பாக்கவா வந்தே?" என்றாள் மக்சிக், சட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு. "இங்க பெரிய மீன்கொத்தி ஒண்ணு இருக்கு. புறா அளவு. மூக்கு செக்கச்செவேர்னு இருக்கும். லேசில கண்ணுல படாது."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஆற்றுப் பக்கமிருந்து "கெக்கெக்கெக்கே" என்று ஒரு சிரிப்பு. திரும்பி ஓடினேன். ஒன்றும் இல்லை. அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அதைப் பார்க்காமல் இந்தக் கட்டை வேகாது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் சாரதா மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"சட்டை எங்கங்க?"

"கொக்கு தூக்கிட்டுப் போயிடுச்சு."

"ஓ."

அவ்வளவுதான். நம்பிவிட்டாள்! அந்த உற்சாகத்தில் கெளுத்திக் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே அன்று பார்த்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். சாரதாவும் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்.

"அந்த நாரை எங்க நின்னுச்சுன்னு சொன்னீங்க?"

"ரெண்டு வாய்க்கால் கூடுற எடம். ஒரு மணி நேரம் அசையலியே அது!"

"வடக்குக் கரையா, தெக்குக் கரையா?"

"தெக்கு. அது நின்னா மீனு இருக்குன்னு அர்த்தம், சாரதா. பறவை பொய் சொல்லாது."

"ஓ. மீன்கொத்தி எத்தன மணிக்கு வந்துச்சு?"

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் நான் சொன்ன எதையும் அவள் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. என் பெண்டாட்டிக்கும் பறவைப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

அடுத்து வந்த புதன்கிழமை குடை போனது. ஒரு கொத்து விரால் வந்தது.

"குடை எங்கங்க?"

"காத்துல பறந்துடுச்சு. பின்னாடியே ஒரு பருந்து போச்சு பாரு..."

"ஓ. பருந்து எந்தப் பக்கம் எறங்குச்சு?"

ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டு போனது. பனையேறிக் கெண்டை வந்தது. மக்சிக்கின் மீன் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. செவுளில் ஊதாநிறக் கிழிசலைக் கோத்து அழகாக முடிச்சுப் போட்டிருந்தாள். எங்கேயோ பார்த்த ஊதாவாக இருந்தது. ஜவுளிக்கடைக்காரனுக்கு எல்லாத் துணியும் எங்கேயோ பார்த்த துணிதான் என்று விட்டுவிட்டேன்.

பெரிய மீன்கொத்தி மட்டும் கண்ணில் படவில்லை. நான் கிழக்கே பார்த்தால் மேற்கே சிரிக்கும். மேற்கே பார்த்தால் முதுகுக்குப் பின்னால் சிரிக்கும். சில சமயம் இரண்டு மூன்று குரலாகக்கூடச் சிரித்ததுபோல் இருந்தது.

நாலாவது தடவை கிளம்பும்போதுதான் எனக்கு வியர்த்தது. கொடுக்கச் சாமான் இல்லை. வேட்டியைக் கொடுத்தால் வீடு வந்து சேரமுடியாது. இன்று வெறுங்கையோடு வந்தால் மண்வெட்டி. மண்வெட்டி பிடித்தால் ஆறு போச்சு, குருவி போச்சு, அந்தச் சிவப்பு மூக்கை இந்த ஜென்மத்தில் பார்க்கமுடியாது. பின்கட்டில் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். எதிரே சுவரில் சாய்ந்துகொண்டு மண்வெட்டி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன்.

ஆகா!

நான் துள்ளிக் குதித்தேன். மண்வெட்டியைக் கொடுத்தால் மீன் வரும். மண்வெட்டியே இல்லாவிட்டால் யார் என்னைக் கொத்தச் சொல்லமுடியும்? இந்த மூளையை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் துணி கிழித்தேன்! சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"அது என்னங்க சாக்குல?"

"பெரிய மீனுக்குப் பெரிய தூண்டில்."

"ஓ. பாத்துப் போயிட்டு வாங்க."

அன்று மக்சிக் கொடுத்த விரால் என் முழங்கை நீளம். மண்வெட்டியை வாங்கும்போது அவள் தோள் குலுங்கியது. வயசாகிவிட்டது, பாரம் தாங்கவில்லை என்று பரிதாபப்பட்டேன்.

நேரே வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் கொக்குகள் கூடு திரும்புகிற நேரம். தென்னந்தோப்பு முழுக்க வெள்ளை வெள்ளையாக வந்து இறங்குகின்றன. ஒன்றையொன்று இடித்துத் தள்ளி, இடத்துக்குச் சண்டை போட்டு, ஒரு திருவிழாக் கூட்டம். கடைசிக் கொக்கு உட்காரும்வரை நின்று பார்த்துவிட்டு, விரலில் விராலைத் தொங்கவிட்டு, ராஜநடை நடந்து வந்தேன்.

"சாரதா! வந்து பாரு, எவ்ளோ பெருசு!"

"பின்னாடி இருக்கேன். கொண்டாங்க."

பின்கட்டுக்குப் போனேன்.

சுவரில் சாய்ந்துகொண்டு அதே இடத்தில் அதே மண்வெட்டி.

பக்கத்தில் தகரப் பெட்டி திறந்திருந்தது. உள்ளே துவைத்து மடித்த என் சட்டை. அதன்மேல் சுருட்டிய பெல்ட்டு. அதன்மேல் என் குடை. வேலிக்கு மேல் அஞ்சலையின் தலை. ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"கொக்கு திருப்பிக் குடுத்துடுச்சுங்க," என்றாள் சாரதா.

"இது... இது எப்படி..."

"மறுநாளே உங்க சட்டை மக்சிக் வீட்டுக் கொடியில காஞ்சுது. அஞ்சலை பாத்துட்டு வந்து சொன்னா. அந்தக் கெளுத்தி மட்டுந்தான் மக்சிக்கோடது. புதன்கிழமையிலேர்ந்து நானும் அஞ்சலையும் போனோம். அவ வீட்டு எருக்குழியிலேர்ந்து புழு எடுத்துக்கிட்டு, நீங்க சொன்ன அந்தத் தெக்குக் கரைக்கு."

"நீயா? தூண்டிலா?"

"நாரை நின்னா மீனு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பறவை பொய் சொல்லலீங்க. புடிச்சு மக்சிக் கையில குடுத்துடுவோம். ஒரு மீனு அவளுக்கு. மத்தது நீங்க வாங்கிட்டு வந்துடுவீங்க. சாமான அஞ்சலை கொண்டாந்துடுவா."

விராலைத் தூக்கிப் பார்த்தேன். செவுளில் கோத்திருந்த ஊதாக் கிழிசல். சாரதாவின் பழைய ரவிக்கை! என் கையால் கிழித்துக் கொடுத்த துணி!

"அப்ப எம் பொண்டாட்டி புடிச்ச மீன, நானே எஞ் சட்டையக் குடுத்து..."

"சட்டையக் குடுத்தது கெளுத்திக்கு. குடைக்கு வெரால். பெல்ட்டுக்குக் கெண்டை," என்று அஞ்சலை வேலிக்கு மேலிருந்து திருத்தினாள்.

"பக்கத்துலதான் இருந்தீங்களா? என்னைய ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிடணும்னுதான் வந்தேன்," என்றாள் சாரதா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கிளையில ஒக்காந்து குருவியப் பாத்துத் தனியாச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. ஜப்பான்காரன் வந்ததுலேர்ந்து நீங்க சிரிச்சு நான் பாக்கல. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

என்ன பெண்டாட்டி! தங்கம்! கையைப் பிடிக்கப்போனேன். கையில் மண்வெட்டியை வைத்தாள்.

"ஆனா பேச்சு பேச்சுதான். உங்க தூண்டில்ல ஒரு மீனு விழுந்ததுன்னு சொல்லுங்க, இப்பவே சுவத்துல சாத்திடறேன்."

நான் சொல்லவில்லை. பறவைகளோடு பழகிவிட்டேன். பொய் வரவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் சாரதாவும் அஞ்சலையும் என் தூண்டிலை எடுத்துக்கொண்டு செங் பாதையில் போனார்கள். நான் குனிந்தேன். மரவள்ளிக்குப் பாத்தி கொத்தினேன். ஒரு சிட்டுக்குருவி வந்து பார்த்துவிட்டுப் போனது. சாயங்காலம் கூடை நிறைய மீனோடு சாரதா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிவந்து, மூச்சு முட்ட.

"என்னங்க! பாத்துட்டேங்க! புறா அளவு! உங்க கிளையில, உங்க எடத்துலயே ஒக்காந்திருக்கு! மூக்கு செக்கச்செவேர்னு... அரை மணி நேரம் அசையல. எங்களப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சுது பாருங்க!"

மண்வெட்டி என் கையிலிருந்து நழுவியது. "சாரதா, புதன்கிழமை நானும் வரேன். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. உன் கால்ல வேணாலும் விழறேன்."

சாரதா என்னைப் பார்த்தாள். கொத்திய பாத்தியைப் பார்த்தாள். முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். அவள் மனம் இளகிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

குனிந்து மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். "புதன்கிழமைக்கு எருக்குழியில புழு இல்லைங்க, இன்னும் ரெண்டு பாத்தி ஆழமாக் கொத்துங்க."